பட்டனைத் தடவிப் பழகிய பத்து நாள்

என் கணவர் பாட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்த அன்று அதில் ஒரு பாட்டுகூட இல்லை.

“பாட்டு உள்ளேயே இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

ரேடியோ வாங்கினால் பாட்டு வருகிறது, டிவி வாங்கினால் படம் வருகிறது, இதுவும் அப்படித்தான் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. இருபத்தெட்டு வருஷமாக லோரி ஓட்டுகிறவர். துறைமுகத்திலிருந்து ஸ்ரீ கெம்பாங்கான் கிடங்கு வரைக்கும் எந்த ரோட்டில் எந்த நேரத்தில் ஜாம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இந்த மாதிரிச் சாமான்கள் அவருக்குப் பழக்கமில்லை.

அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்து, நெற்றியை ஒரு ஸ்பான்ஜ் வளையத்தில் பதித்து உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைத் தரையும், அதன்மேல் மங்கலாகப் பழுப்பு நிறத்தில் இரண்டு பாதங்களும்தான்.

அதற்கு மூன்று நாள் முன்னால் எனக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்திருந்தது.

என் இடது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறி. நிறம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது. வலது கண் ஒன்றை வைத்துத்தான் பள்ளிக்கூடம் போனேன், பரீட்சை எழுதினேன், கிள்ளானில் ஒரு சரக்கு ஆபீசில் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் மாதிரி ஒரு வெட்டு. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கொசுக்கூட்டம் போலக் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. புதன்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் திரையின் கீழ்ப் பாதியைக் காணவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தேன், கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். கீழேயிருந்து யாரோ ஒரு கறுப்புத் துணியை மெல்ல மெல்ல மேலே இழுப்பது மாதிரி இருந்தது.

கணவருக்குப் போன் செய்தேன். கன்டெய்னரைக் கழற்றி வைத்துவிட்டு, லோரியின் தலையை மட்டும் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார். அவ்வளவு உயரமான படியில் என்னை இடுப்பைப் பிடித்து ஏற்றினார். கோலாலம்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதுமே அவர் அப்படித்தான். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு “ம்” போடுவார். கல்யாணமான புதிதில் அந்த “ம்” எனக்குக் கோபம் வரவழைத்தது. பிறகு பழகிப்போனது.

டாக்டர் சின்ன வயது மலாய்க்காரப் பெண். நிதானமாகச் சொன்னாள். சுவரில் ஒட்டிய தாள் ஈரம் பட்டால் உரிந்து வருமில்லையா, அதுபோல என் கண்ணுக்குப் பின்புறம் இருக்கிற விழித்திரை உரிந்துகொண்டு வருகிறது. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விடுவார்கள். அந்தக் குமிழி போய் விழித்திரையை அழுத்திப் பிடித்தால்தான் அது மறுபடி ஒட்டும். காற்று மேலேதான் போகும். அதனால் நான் முகத்தைத் தரையைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன்.

“பத்து நாள்” என்றாள். “சாப்பிடறப்பவும் அப்படித்தான், தூங்கறப்பவும் அப்படித்தான். மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் எழுந்திரிக்கலாம்.”

மறுநாளே ஆபரேஷன் முடிந்தது. நான் இன்னும் மயக்கத்தில் இருந்தபோது டாக்டர் வெளியே கணவரிடம் ஏதோ பேசியிருக்கிறாள். நான் கேட்டதற்கு, “எல்லாம் ஓகேன்னு சொன்னாங்க” என்றார். பெருமூச்சு விட்டுக்கொண்டேன்.

அவர் பத்து நாள் லீவு எடுத்தார். வீட்டுக்கு வந்த அன்றே ஸ்பான்ஜ் மெத்தை ஒன்றை வாங்கி, ரொட்டி வெட்டுகிற கத்தியால் முகம் போகிற அளவுக்கு அதில் ஓட்டை போட்டார். இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலை அடுக்கி, மேலே ஒரு ஸ்பான்ஜ் வளையம் கட்டி, உட்கார்ந்தபடி தலையைச் சாய்க்க ஓர் இடம் செய்தார். படுக்க அது, உட்கார இது. ஹாலில் இருந்த நாற்காலிகளை எல்லாம் ஓரமாக இழுத்துப் போட்டார். செருப்பு அலமாரியை வெளியே போர்ச்சுக்குக் கொண்டுபோனார். எங்கள் ரூம் வாசலில் இருக்கிற அலமாரியின் முனையில் எதையோ டேப் போட்டு ஒட்டுகிற சத்தம் கேட்டது.

“என்னங்க பண்றீங்க?”

“இடைஞ்சலா இருக்கு” என்றார்.

முதல் நாள் ஒரு மாதிரி ஓடிவிட்டது. இரண்டாம் நாள் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. கழுத்து வலி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வலி, செய்ய ஒன்றுமில்லாதது. டிவியைப் பார்க்க முடியாது. ரேடியோ வைத்தார். பாட்டு ஒன்று என்றால் விளம்பரம் ஏழு. கைப்பேசியில் கேட்கலாம் என்றால், நல்ல கண்ணில் கட்டு, மற்ற கண்ணுக்கு எழுத்து தெரியாது. வழவழவென்று இருக்கிற கண்ணாடியில் விரல் எங்கே படுகிறது என்று எப்படித் தெரியும்? பாட்டு வைக்கப் போய் ஆபீஸ் பாஸுக்கு வீடியோ கால் போட்டுவிட்டேன். போதாததற்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் யாராவது சொந்தக்காரர்கள் கூப்பிட்டு, “இப்ப எத்தனை விரல் தெரியுது?” என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் காலை கணவரிடம் போனைக் கொடுத்து, “இத எங்கயாவது தூக்கிப் போடுங்க” என்று அழுதேன். அழும்போதும் தரையைப் பார்த்துத்தான் அழ வேண்டியிருந்தது. கண்ணீர் நேராக மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

அவர் “ம்” என்றார். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து என் உள்ளங்கையில் தீப்பெட்டி அளவில் எதையோ வைத்தார். கைப்பேசிக் கடை டவுக்கே, கடை முதலாளியான அந்தச் சீனப் பெரியவர், அலமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தாராம். “இப்பல்லாம் யாரும் கேக்கறதில்ல பாஸ், ஆனா பட்டன் இருக்கு, கண்ண மூடிட்டே அமுக்கலாம் லா” என்றாராம்.

பட்டன் இருந்தது உண்மை. பாட்டுதான் இல்லை.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்த ஒன்றை மகள் பினாங்குக்குப் படிக்கப் போகும்போது கொண்டுபோய்விட்டாள். பக்கத்து வீட்டு ஆன்டியிடம் இருந்தது. மெத்தடிஸ்ட் சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், ஓய்வு பெற்ற நர்ஸ். கணவர் வேலிப் பக்கம் நின்று கேட்டதும் வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

“நூத்தி நாப்பது பாட்டு போட்டிருக்கேன் மா” என்றார். “ஆனா ஒண்ணு. எங்கிட்ட இருக்கறதெல்லாம் எங்க சர்ச் பாட்டுதான். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“பாட்டுன்னு ஒண்ணு கேட்டாப் போதும் ஆன்டி.”

அவர் என் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, என் கட்டைவிரலைப் பிடித்து ஒவ்வொரு பட்டனாக வைத்தார். நடுவில் வட்டமாக ஒன்று. அதைச் சுற்றி மேலே, கீழே, இடது, வலது. பக்கவாட்டில் மெல்லிசாக ஒரு நீளப் பட்டன், சத்தத்துக்கு. நடு பட்டனை ஒரு தரம் அமுக்கினால் பாடும், இன்னொரு தரம் அமுக்கினால் நிற்கும். வலது அடுத்த பாட்டு, இடது முந்தின பாட்டு. எல்லாப் பட்டனும் ஒரே வழவழப்பாக இருந்ததால் எனக்குத் திசை குழம்பியது. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சத்தம் கூட்டுவதாக நினைத்துப் பாட்டை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஆன்டி வீட்டுக்குப் போய் நகப்பூச்சு எடுத்து வந்து, மேல் பட்டனில் ஒரு சொட்டு வைத்தார். காய்ந்ததும் அது சின்ன முள் மாதிரி விரலில் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு எந்தப் பக்கம் மேல் என்கிற சந்தேகம் வரவில்லை.

பெட்டியோடு வந்த காதுக் கருவியைக் காதில் மாட்டி நடு பட்டனை அமுக்கினேன். முதலில் பியானோ, பிறகு நாலைந்து பெண்கள் சேர்ந்து பாடுகிற குரல். அதில் ஒன்று ஆன்டியின் குரல் என்று கண்டுபிடித்தேன், கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிடுவார். என்ன பாட்டு, என்ன அர்த்தம் என்றெல்லாம் யோசிக்கவில்லை. தோள்பட்டை இறங்கியது. மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பது, கடிப்பதை நிறுத்தியபோதுதான் தெரிந்தது.

அன்றையிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பட்டன் பழகுவதுதான் அந்த வேலை. பாட்டு ஓடும்போது கீழ்ப் பட்டனை அமுக்கிப் பிடித்தால் முதல் பட்டியலுக்குப் போகும். அங்கிருந்து எத்தனை தட்டு தட்டினால் எங்கே போகும் என்று எண்ணி மனப்பாடம் செய்தேன். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கணவரிடம் கேட்டால், “சின்னதா இருக்கு லா, கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல” என்பார். அதனால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு தட்டு பாட்டு. இரண்டு தட்டு இரைச்சல், ஏனென்றால் அதில் ஸ்ஸ்ஸ் என்றுதான் கேட்டது. மூன்று தட்டில் சத்தமே இல்லை. அதற்குப் பெயர் வைக்கவில்லை.

ஐந்தாம் நாள் கணவரின் சிநேகிதர் ஒருவர், அவரும் லோரி ஓட்டுகிறவர், பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நான் சர்ச் பாட்டு மட்டும் கேட்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. லோரியில் வைத்திருந்த பென்டிரைவை எடுத்து, ஆன்டி வீட்டில் கொடுத்து, அவருடைய பாட்டுகளையும் ஏற்றிவிட்டார். ஆன்டி அதைத் தனியாக வைக்கிறேன் என்று சொன்னாராம், ஆனால் எப்படியோ எல்லாம் கலந்துபோனது. அமைதியாக ஒரு சர்ச் பாட்டு முடியும், அடுத்து டம்டம் டகடக என்று குத்துப்பாட்டு தலைக்குள் இடிக்கும். முதல் தரம் அப்படி வந்தபோது நான் துள்ளியதில் ஸ்டூல் சாய்ந்தது. கணவர் ஓடிவந்து பிடித்தார். காதிலிருந்து ஒன்றைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு, “இது அவன் லோரில போடற பாட்டு” என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தால் வயிறு வலிக்கும்.

ஆறாம் நாள் மத்தியானம் குத்துப்பாட்டு ஒன்றில் சத்தத்தைக் குறைக்கப் போய், பக்கவாட்டில் எதையோ நீளமாக அமுக்கிவிட்டேன். பாட்டு பட்டென்று நின்றது. எதை அமுக்கியும் வரவில்லை. கணவரைக் கூப்பிட்டு, “பேட்டரி போயிருச்சு போல, சார்ஜ் போடுங்க” என்று கொடுத்தேன். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போர்ச்சுக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் மெத்தைக்குப் போய்க் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது பெட்டி சார்ஜ் ஆகி என் தலைமாட்டில் இருந்தது.

ஏழாம் நாள் காலை. அவர் பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தார். நான் ஸ்டூலில் தலையைச் சாய்த்துப் பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறி மூன்று தட்டு தட்டிவிட்டேன். எப்போதும் சத்தமில்லாத இடம். ஆனால் அன்று சத்தம் வந்தது. துணி உரசுகிற சத்தம். இரும்புக் கதவு கிறீச்சிடுகிற சத்தம். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள். பிறகு என் கணவரின் குரல்.

“அக்கா, நான்தான்.”

ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அவர் வீட்டில் இருக்கிறாரா என்று காதுக் கருவியைக் கழற்றிக் கேட்டேன். வீடு அமைதியாக இருந்தது. மறுபடி மாட்டினேன். அப்போதுதான் விளங்கியது. நான் நேற்று நீளமாக அமுக்கியது ரெகார்டிங் பட்டன். பாட்டு நின்று, பெட்டி காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அதைத்தான் அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போர்ச்சுக்குப் போய், அம்பாங்கில் இருக்கிற அவர் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார்.

அண்ணி பேசுவது ஈ பறப்பது மாதிரித்தான் கேட்டது. இவர் பேசுவது மூச்சு உட்படக் கேட்டது.

“ம். சாப்பிட்டா... தூங்கப் போறா... இல்லக்கா, அவகிட்ட சொல்லல. எப்படிச் சொல்றது? தலையக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கறவகிட்ட போயி எப்படி சொல்றது?... டாக்டர் என்கிட்ட தனியாத்தான் சொன்னாங்க. கிழிசல் நெனச்சதவிட பெருசாம். ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாமாம். ஒட்டலன்னா இன்னொரு ஆபரேஷன். அதுக்கப்புறம் அவங்களாலயே சொல்ல முடியாதாம்.”

ஈ கொஞ்ச நேரம் பறந்தது.

“இருக்கறதே அந்த ஒரு கண்ணுதானக்கா. நேத்து அவ தூங்கறப்ப நான் கண்ண மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பாத்தேன். ரூம்ல இருந்து பாத்ரூமுக்குப் பதினாலு எட்டு வருது. வந்த அன்னிக்கே நடந்து பாத்தேன், அலமாரி முனையில ரெண்டு தடவ இடிச்சிக்கிட்டேன். அதான் அதுல ஸ்பான்ஜ் ஒட்டி வச்சேன். செருப்பு அலமாரிய வெளிய போட்டுட்டேன். அடுப்புதான் என்ன பண்றதுன்னு தெரியல. கேஸ் அடுப்பு வேணாம், கரண்ட் அடுப்பு வாங்கலாமான்னு பாக்கறேன்... நானே சமைக்கலாம், அது இல்லக்கா. அவ சும்மா உட்கார மாட்டா. உனக்குத் தெரியாதா அவள?”

பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம்.

“இருபத்தெட்டு வருஷமா கண்ணால ரோட்டப் பாத்து ஓட்டறேன். ஒரு நாளும் பயந்ததில்ல. இப்ப பயமா இருக்குக்கா.”

அவ்வளவு வார்த்தைகளை அவர் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதே இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். என் கண்ணைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அம்பாங்கில் இருக்கிறவருக்குத் தெரிகிறது, கண்ணை வைத்திருக்கிறவளுக்குச் சொல்லவில்லை. பிறகு பயம் வந்தது. முந்தின பாட்டுக்குப் போகிற பட்டனை அமுக்கி மறுபடி கேட்டேன். மூன்றாம் தரம் கேட்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி வீட்டுக்குள் நடக்கிற அவரை என்னால் பார்க்க முடிந்தது. அந்தப் பெரிய உடம்பு, அலமாரி முனையில் இடித்துக்கொண்டு, எனக்குக் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கதவு திறந்தது. மீன் வாடையோடு பாதங்கள் வந்தன.

“நல்ல கெம்போங் மீன் கெடச்சுது” என்றார்.

“என்னங்க, டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?”

“எல்லாம் ஓகேன்னு சொன்னாங்கல்ல.”

நான் காதிலிருந்து ஒன்றைக் கழற்றி, கையை நீட்டினேன். பாட்டு என்று நினைத்து வாங்கி மாட்டிக்கொண்டார். நடு பட்டனை அமுக்கினேன்.

“அக்கா, நான்தான்” என்று இரண்டு பேர் காதிலும் கேட்டது.

பாதங்கள் அசையவில்லை. மீன் பையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. முழுவதும் ஓடி முடிகிறவரை அவர் கழற்றவில்லை. முடிந்ததும் பையை எங்கோ வைத்துவிட்டு வந்தார். பாதங்கள் மறைந்து, முழங்கால் தெரிந்தது, பிறகு தோள். என்ன செய்கிறார் என்று புரிவதற்குள் தரையில் மல்லாந்து படுத்து, ஊர்ந்து, ஸ்டூலுக்கு அடியில் என் முகத்துக்கு நேர் கீழே வந்துவிட்டார். ஏழு நாளில் அன்றுதான் எனக்கு எதிரே ஒரு முகம் இருந்தது. மங்கல்தான். கண் எது, மூக்கு எது என்று குத்துமதிப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

“சொல்லியிருக்கணும்” என்றார்.

“ஆமா.”

“நீ பயந்துடுவன்னு...”

“நீங்க மட்டும் பயப்படலாமா?”

என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நேராக அவர் நெற்றியில் விழுந்தது. துடைக்கவில்லை.

“ஒட்டலன்னா?” என்று கேட்டேன். ஏழு நாளில் அந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“இன்னொரு ஆபரேஷன் பண்ணுவோம்.”

“அதுவும் சரியா வரலன்னா?”

“பதினாலு எட்டு” என்றார். “நான் எண்ணி வச்சிருக்கேன்.”

வெகுநேரம் அப்படியே கிடந்தோம். அவர் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கெட்ட செய்திதான். ஆனாலும் கேட்கக் கேட்க நெஞ்சில் ஏதோ இளகியது. “எல்லாம் ஓகே” என்று அவர் சொன்ன அந்த ஆறு நாளும், ஏதோ சரியில்லை என்று என் உடம்புக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இப்போது அதைச் சுமக்க இரண்டு பேர் ஆனோம். கடைசியில் அவர்தான், “மீன் நாறிடும்” என்று எழுந்துபோனார்.

மிச்ச மூன்று நாளும் வேறு மாதிரிப் போயின. அவர் வேலையெல்லாம் முடித்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார். காதுக் கருவி ஆளுக்கு ஒன்று. பக்திப்பாட்டுக்கும் குத்துப்பாட்டுக்கும் இடையில் கொஞ்சம் பேசுவார். அலமாரி, அடுப்பு, மகளுக்கு எப்போது சொல்வது, ஆபீசில் என்ன சொல்வது. ஒருநாள் அவரே கேட்டார், “அந்தப் பட்டன் எப்படி அமுக்கறதுன்னு எனக்கும் காட்டு.” நகப்பூச்சுச் சொட்டைத் தேடி அவர் தடித்த விரலை வைத்தேன். மூன்று தடவை தப்பாக அமுக்கி, நாலாம் தடவை சரியாக அமுக்கினார்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கார் பின்சீட்டில் குப்புறக் கிடந்தபடிதான் போனேன். டாக்டர் கட்டைப் பிரித்து, விளக்கைப் பிடித்து, மேலே பார், கீழே பார் என்று சொல்லிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தாள். கணவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாற்காலி லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

விளக்கை அணைத்தாள்.

“ஒட்டியிருக்கு” என்றாள். “நல்லா ஒட்டியிருக்கு. நிமிர்ந்து உட்காரலாம்.”

நான் நிமிர்ந்தேன். கழுத்து நடுங்கியது. கண்ணுக்குள் பாதிக் கிளாஸ் தண்ணீர் மாதிரி ஒரு மட்டம் ஆடியது. அதற்குக் கீழே எல்லாம் குழம்பிக் கிடந்தது. அதற்கு மேலே சுவர் தெரிந்தது, சுவரில் கடிகாரம் தெரிந்தது, கடிகாரத்தில் முள் தெரிந்தது. பதினொன்று இருபது. வாய்விட்டுச் சொன்னேன், “பதினொண்ணு இருபது.” டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தாள். குமிழி தானாகக் கரைந்து போகும், அதுவரை மல்லாந்து படுக்கக் கூடாது, விமானத்தில் ஏறக் கூடாது என்றாள். விமானத்தில் ஏற எங்களுக்கு என்ன வேலை என்று கணவர் சீரியசாகக் கேட்டார். பிறகு, “இனிமே எது சொல்றதா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லுங்க டாக்டர்” என்றார்.

திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் நிறுத்தினோம். முன்சீட்டில் உட்கார்ந்து வந்த நான் பெட்டியைக் கண்ணுக்கு அருகில் தூக்கிப் பிடித்து, திரையில் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன். ஒரு வாரமாக விரலால் போய்வந்த இடத்துக்கெல்லாம் பெயர் இருந்தது. நான் இரைச்சல் என்று வைத்திருந்தது ரேடியோ. மூன்றாவது, ரெகார்டிங். ஓரத்தில் பேட்டரி படம் கூட இருந்தது. இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தட்டைப் பார்க்கக் குனிந்தால் மட்டம் ஆடியது, அதனால் நேராகவே பார்த்தேன். நேரே அவர் இருந்தார். கன்னம் ஒட்டிப்போய், நரைத்த தாடி கால் அங்குலத்துக்கு வளர்ந்து, யாரோ ஒரு சாமியார் மாதிரி.

“என்னங்க இது, பத்து நாளா ஷேவ் பண்ணவே இல்லையா?”

“யாருக்குப் பண்ணிக் காட்டறது?” என்றார். “நீதான் தரையப் பாத்துக்கிட்டு இருந்தியே.”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோசை வந்தது. அவர் தொடாமல், போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். கடையே கேட்கிற மாதிரி, “ஒட்டிருச்சுக்கா!” என்றார். உடனே போனை என்னிடம் நீட்டினார்.

“ஐயோ மா, நான் பத்து நாளா ஒழுங்கா சாப்பிடல” என்று அண்ணி அந்தப் பக்கம் அழுதார். “அவன் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்?”

“எனக்கு எல்லாம் தெரியும் அண்ணி. நீங்க முதல்ல போய்ச் சாப்பிடுங்க.”

“எப்படித் தெரியும்?”

“நேர்ல வந்து சொல்றேன்.”

வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் தன் தோசையை முடித்து என்னுடையதில் பாதியையும் முடித்திருந்தார். கூச்சமே இல்லாமல் இன்னொன்றுக்குக் கை காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தூக்கம் தாங்கவில்லை. மல்லாந்து படுக்கக் கூடாது என்றாலும் ஒருக்களித்துப் படுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். பத்து நாள் கழித்து ஒரு கன்னம் தலையணையில் பட்டது. ஓட்டை இல்லாத, சாதாரணத் தலையணை. வெளியே அவர் செருப்பு அலமாரியை மறுபடி உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக இழுங்க, டைல்ஸ் கீறிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி முடித்தேனா என்று நினைவில்லை. எழுந்தபோது மணி ஆறாகியிருந்தது.